ஆங்கிலக் கிராமத்தை நடந்து படிப்பது எப்படி: லாக்ஸ்டன் வயல்களிலிருந்து ஒரு தொடக்கம்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திற்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் அழகான ஊர்களைத் தேடியே செல்கிறார்கள். தேன்நிறக் கல்வீடு, வைக்கோல் வேய்ந்த கூரை, வாசலில் படர்ந்த ரோஜாக்கொடி, ஓடையின் மேல் ஒரு சிறு பாலம் என்று படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் அமைந்தது, அங்கிருந்தவர்கள் எதை விளைவித்து எப்படிப் பிழைத்தார்கள், சில ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்க வேறு சிலவற்றில் ஏன் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. விடை வயலில் இருக்கிறது. ஆங்கிலக் கிராமத்தை அறிய விரும்புபவர் வயலில் தொடங்கித் தெருவுக்கு வர வேண்டும். வீடுகளைக் கடைசியில் பார்க்க வேண்டும். இதை ஒரே நாளில், ஒரே ஊரில், காலால் நடந்து கற்றுக்கொள்வதற்கான வழிமுறையைக் கீழே விளக்குகிறேன். அதற்கு நான் தேர்ந்தெடுக்கும் ஊர் நாட்டிங்ஹம்ஷர் மாவட்டத்திலுள்ள லாக்ஸ்டன்.

ஏன் இந்த ஊர்

லாக்ஸ்டன் படத்திற்கு நிற்கும் ஊர் அன்று. செங்கல் வீடுகளும் களஞ்சியங்களும் கொண்ட ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, களிமண் வயல்கள் ஆகியவையே அங்குள்ளவை. ஆனால் இடைக்காலத்தில் நடு இங்கிலாந்து முழுவதும் பரவியிருந்த வேலியில்லாத பொது வயல் முறை, அதை ஆளும் ஊர் மன்றத்தோடு சேர்ந்து, இன்றும் உழவுத் தொழிலாக நடைபெறும் ஊர் இது ஒன்றே. மற்ற ஊர்களில் தடயமாக மட்டும் எஞ்சியிருப்பதை இங்கே நடைமுறையில் காணலாம். எழுத்துகளைக் கற்ற பிறகே கல்வெட்டைப் படிக்க இயலும் என்பதுபோல, லாக்ஸ்டனைப் பார்த்த பிறகு மற்ற ஆங்கிலக் கிராமங்களின் நிலத்தில் அரைகுறையாக அழிந்து கிடக்கும் வரிகள் பொருள் தரத் தொடங்கும்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட நிலவேலியடைப்புச் சட்டங்களை ஆங்கில நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், இச்சட்டங்களால் பொது உழவிலிருந்தும் பொது மேய்ச்சலிலிருந்தும் பிரிக்கப்பட்டு, தனித்தனி உடைமைகளாக வேலியிடப்பட்டது. ஒரு பசுவையும் சில வாத்துகளையும் பொதுநிலத்தில் மேய்த்து வாழ்ந்த எளிய குடும்பங்கள் அந்த உரிமையை இழந்து கூலிகளாயின. இன்று நாம் அமைதியான பசுமை என்று வியந்து பார்க்கும் நேர்க்கோட்டு வேலிகளில் பல அந்த இழப்பின் எல்லைக்கோடுகளே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஆங்கில நாட்டுப்புறத்தை ரசிப்பது அரைப்பார்வையாகும் என்பது என் உறுதியான கருத்து. லாக்ஸ்டனில் நிலம் பெருநிலக்கிழார் இருவரிடையே பிரிந்து கிடந்ததும், அவர்களுக்குள் உடன்பாடு ஏற்படாமல் போனதும், மீதமிருந்த வயல்கள் தப்பிப் பிழைத்ததற்கு முக்கியக் காரணங்களாயின.

புறப்படுமுன்

ஊருக்குச் செல்வதற்கு முந்தைய நாள் மாலையில் இரண்டு மணி நேரம் நிலப்படங்களுக்கு ஒதுக்குங்கள். முதலாவது, பிரிட்டனின் தேசிய நிலப்பட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே 1:25,000 அளவில் வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசைப் படம். ஒவ்வொரு வேலியும், ஒவ்வொரு நடைபாதையும், தனித்து நிற்கும் ஒவ்வொரு பண்ணைவீடும் இதில் குறிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் வழக்கமாகப் பார்க்கும் சாலைப் படங்களில் வேலிகள் இருப்பதில்லை. வேலியில்லாத படத்தைக் கொண்டு ஆங்கில நிலத்தைப் படிக்க முடியாது. இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டில் அதே நிறுவனம் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்னும் அளவில் வரைந்த படம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கான இப்பழைய படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதையும் புதியதையும் அருகருகே திறந்து, எந்த வேலி மறைந்தது, எந்தப் பாதை நின்றுபோனது, எந்த வீடு புதிதாக முளைத்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக்ஸ்டனுக்கு மூன்றாவதாக ஒரு படமும் உண்டு. 1635-ல் அந்த ஊரின் மேனர் உரிமையை, அதாவது ஊர் நிலத்தின் மீதான பிரபு உரிமையை, அப்போது வைத்திருந்த சர் வில்லியம் கோர்ட்டன் என்பவருக்காக, மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் ஊரின் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து வரைந்த பெரும் படம் அது. இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதன் வயல்களுக்கிடையே ஏர் உழுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும் வேட்டைக்காரர்களையும் சிற்றுருவங்களாக வரைந்திருக்கிறார்கள். படத்தின் ஒரு பிரதியைப் பார்த்துவிட்டுச் சென்றால், 1635-ன் தெருவில் நீங்கள் இன்று நடக்க முடியும் என்பதை நேரில் உணர்வீர்கள்.

அடுத்து ஊரின் பெயரைப் படியுங்கள். ஆங்கில ஊர்ப்பெயர்களின் இறுதிப் பகுதி பெரும்பாலும் அந்த இடத்தின் பிறப்பைச் சொல்லிவிடும். ‘டன்’ என்று முடிவது பழைய ஆங்கிலத்தில் பண்ணையையோ குடியிருப்பையோ குறிக்கும். லாக்ஸ்டன் என்பது லீக்ஸா என்னும் ஒருவரோடு தொடர்புடைய குடியிருப்பு என்று விளக்கப்படுகிறது. ‘பி’ என்றும் ‘தார்ப்’ என்றும் முடிபவை ஸ்கண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழிச்சொற்கள். ‘லி’ என்று முடிந்தால் அங்கே காடு வெட்டித் திருத்தப்பட்டிருக்கலாம். ‘ஃபோர்டு’ என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. 1086-ல் முதலாம் வில்லியம் எடுப்பித்த டோம்ஸ்டே நிலக்கணக்கில் அந்த ஊர் இருக்கிறதா என்று பார்ப்பதும் பத்து நிமிட வேலைதான். எத்தனை ஏர்களுக்கு நிலம், எவ்வளவு புல்வெளி, எவ்வளவு காடு, ஆலை உண்டா என்ற வரிசையில் அந்தக் கணக்கு அமைந்திருப்பதால், பெரும்பாலான ஊர்களுக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய நிலவிவரம் ஒரு பத்தியில் கிடைத்துவிடும்.

பருவமும் பாதையும்

லாக்ஸ்டனுக்கு நவம்பர் கடைசியில் செல்வதே சிறந்தது. குளிரும் சேறும் இருக்கும். ஆனால் இலைகள் உதிர்ந்திருப்பதால் வேலிகளுக்கு அப்பாலும் பார்வை செல்லும், கோதுமை முளைத்த வயல் எது என்பது ஒரு பார்வையில் தெரியும், தாழ்வான வெயில் நிலத்தின் சிறு மேடுபள்ளங்களையும் நிழலிட்டுக் காட்டும். நிலத்தைப் படிப்பவருக்குத் தலைக்கு மேல் நிற்கும் ஜூன் மாத வெயிலால் பயனில்லை. புல்வெளிப் பூக்களைக் காண விரும்புபவர் மட்டும் வைக்கோலுக்காகப் புல் அறுக்கப்படும் முன், கோடையின் முற்பகுதியில் இன்னொரு முறை வரலாம்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில் நியூவார்க், ரெட்ஃபோர்டு ஆகிய இரண்டு நிலையங்களும் ஓரளவு அருகிலுள்ளவை. அங்கிருந்து கார் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. இத்தகைய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகளை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது. கணுக்காலுக்கு மேல் வரும் நீர்புகாத காலணி கட்டாயம் வேண்டும். அங்குள்ள களிமண் நனைந்தால் காலணியில் அடை அடையாக அப்பிக்கொள்ளும். இந்த மண்ணில் எட்டு மாடுகளைப் பூட்டி உழ நேர்ந்தது ஏன் என்று இருபது அடி நடப்பதற்குள் விளங்கிவிடும்.

இங்கிலாந்தில் தனியார் நிலத்தின் குறுக்கேயும் பொதுமக்கள் நடந்து செல்லும் சட்ட உரிமை உள்ள பாதைகள் ஏராளம். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி அமைப்புகள் அவற்றைப் படத்தில் பதிவு செய்து வைத்திருக்கின்றன. எக்ஸ்புளோரர் படத்தில் பச்சைநிறக் கீற்றுக்கோடுகளாக இவை தெரியும். களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையையும், நீல அம்பு குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்லக்கூடிய பாதையையும் காட்டும். பாதை பயிரின் நடுவே சென்றால் ஒருவர்பின் ஒருவராக நடங்கள். வாயிற்கதவு மூடியிருந்தால் மூடியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். அதைத் திறந்து வைத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு இடையே செல்லாதீர்கள். வயலில் வேலை செய்பவரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். நேரமிருந்தால் அவர்களே பேசுவார்கள், அந்தப் பேச்சு எந்தப் பலகையிலும் எழுதப்படாதது.

வயலில் செய்ய வேண்டியவை

ஊருக்குள் நுழைந்தவுடன் காரை நிறுத்திவிட்டு, தெருவைப் பார்க்காமல் வயலுக்குச் செல்லும் மண்பாதைகளில் ஒன்றில் இறங்குங்கள். லாக்ஸ்டனில் இன்று மூன்று பெருவயல்கள் உள்ளன: மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல். மூன்றும் சேர்ந்து 500 ஏக்கருக்குள் அடங்கும். பெருவயலின் நடுவே நின்று சுற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு வேலியும் இல்லை என்பதே முதலில் கண்ணில் படும். ஒரே உடைமையாளரின் ஒரே பெரிய வயல்போல அது தோன்றும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். விதைப்பு வரிசைகளின் திசை ஓரிடத்தில் மாறும்; பச்சையின் அடர்த்தி ஒரு கோட்டுக்கு இப்பால் ஒன்றாகவும் அப்பால் வேறாகவும் இருக்கும்; ஒரு பட்டையில் முளை விரற்கடை உயரம் கூடியிருக்கும். அந்தக் கோடுகளே உழவர்களின் நிலப்பட்டைகளைப் பிரிக்கும் எல்லைகள். ஒரே உழவரின் பட்டைகள் மூன்று வயல்களிலும் பரவிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காக வருவதற்கு இம்முறை வழிசெய்தது. 1635-ல் இருந்ததைவிடப் பட்டைகள் இப்போது அகலமானவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு பட்டைகளை ஒன்றுசேர்த்து வைத்தார்கள்.

மூன்று வயல்களும் சுழற்சியில் இயங்குகின்றன. ஓர் ஆண்டு குளிர்கால கோதுமை, மறு ஆண்டு வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாம் ஆண்டு தானியப் பயிரிலிருந்து ஓய்வு. ஆகவே மூன்று வயல்களுக்கும் நடந்து சென்று, எது எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே கண்டறியுங்கள். யாரும் சொல்லாமல் இதைக் கண்டறிந்தால் இந்த முறையின் உயிர்நாடி பிடிபட்டுவிட்டது என்று பொருள்: தரிசு விட்ட வயலில் எல்லோருடைய கால்நடைகளும் சேர்ந்து மேய வேண்டுமானால் எல்லோரும் ஒரே ஆண்டில் தரிசு விட வேண்டும், ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுக்க வேண்டும். தன் விருப்பப்படி பயிர் செய்ய ஒருவர் துணிந்தால் முறை முழுவதும் குலையும். அதனால்தான் ஊருக்கு ஒரு மன்றம் தேவைப்பட்டது.

அந்த மன்றம் இன்றும் கூடுகிறது. பெயர் கோர்ட் லீட். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில், கோதுமை புதிதாக விதைக்கப்பட்ட வயலை உழவர்களின் நடுவர் குழு சென்று பார்வையிடுகிறது. யாராவது பொதுப்பாதையிலோ புல்வரம்பிலோ ஒரு சால் கூடுதலாக உழுதிருந்தால் குழு அதை அளந்து, சரியான எல்லையில் மரமுளை அடித்துவிட்டு வருகிறது. ஒரு வாரம் கழித்து டவ்கோட் இன் என்னும் ஊர் மதுவிடுதியில் மன்றம் கூடி அபராதத்தை உறுதி செய்கிறது. அடுத்த ஆண்டுக்கான நடுவர்களும் அங்கேயே பதவி ஏற்கிறார்கள். இத்தகைய பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்தை மட்டும் விட்டுவைத்தது. நவம்பர் கடைசியைப் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அது அவர்களுடைய பணிநாள் என்பதை மறவாதீர்கள்; தொலைவிலிருந்து பாருங்கள், கேட்டுக்கொண்டு அருகில் செல்லுங்கள்.

வயலின் தாழ்ந்த பகுதிகளில் உழப்படாமல் விடப்பட்ட புல்பட்டைகள் வளைந்து செல்வதைக் காண்பீர்கள். ஊர்மக்கள் இவற்றை ‘சைக்’ என்கிறார்கள். நீர் வழியும் பள்ளமாகவும் ஏர் ஓட்ட முடியாத சரிவாகவும் இருப்பதால் இவை இடைக்காலம் முதலே புல்லாகவே விடப்பட்டவை. இவற்றின் புல் ஆண்டுதோறும் கோடையில் ஊர் உழவர்களுக்குள் ஏலம் விடப்படுகிறது. நூற்றாண்டுகளாக உழவும் உரமும் படாததால் செடிவகைகள் செழித்து, அறிவியல் சிறப்புடைய பாதுகாக்கப்பட்ட இடமாக இவை அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சைக்கின் கரையில் அமர்ந்து, அது ஏன் அங்கே வளைகிறது என்று நீரின் போக்கை வைத்துச் சிந்தியுங்கள். நாள் முழுவதிலும் பயனுள்ள அரைமணி நேரம் அதுவாக இருக்கும்.

வயலை விட்டு வருமுன் அளவுகளையும் காலால் உணர்ந்துகொள்ளுங்கள். ஃபர்லாங் என்னும் சொல்லுக்குச் சாலின் நீளம் என்பதே பொருள். 220 கெஜம், ஏறத்தாழ 201 மீட்டர். மாடுகள் மூச்சு வாங்க நிற்கும் முன் இழுக்கக்கூடிய தொலைவு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். 220 கெஜ நீளமும் 22 கெஜ அகலமும் கொண்டது ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழும் நிலம் என்று அது கருதப்பட்டது. இந்த நீளத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். எட்டு மாடு பூட்டிய நீண்ட ஏர் முனையை அடையும் முன்பே திரும்பத் தொடங்க வேண்டியிருந்ததால், பழைய உழவுப் பட்டைகள் பெரும்பாலும் நேராக இல்லாமல், தலைகீழாகத் திருப்பிய எஸ் எழுத்தைப்போல் மெல்ல வளைந்திருக்கும். இந்த வளைவைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஊர்களில் அது உதவும்.

தெருவுக்குத் திரும்பி

இப்போது தெருவைப் பார்க்கலாம். லாக்ஸ்டனில் பண்ணைவீடுகள் வயல்வெளியில் இல்லை. தெருவின் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. வீட்டை அடுத்துக் களஞ்சியம், முற்றம், தொழுவம், அவற்றுக்குப் பின்னால் நீண்டு செல்லும் கொல்லைநிலம் என்ற அமைப்பு வீட்டுக்கு வீடு திரும்ப வரும். வயலில் நீங்கள் கண்டதே இதற்கு விளக்கம்: ஒருவருடைய நிலம் மூன்று திசைகளிலும் சிதறிக் கிடந்தால் எல்லாவற்றுக்கும் நடுவில் குடியிருப்பதே அவருக்கு வசதி, மாடுகளைக் கூட்டாகப் பூட்டவும் மேய்ச்சலைக் கூட்டாக நடத்தவும் பக்கத்து வீட்டார் கூப்பிடு தொலைவில் இருக்க வேண்டும். வேலியடைக்கப்பட்ட ஊர்களில் ஒவ்வொருவருக்கும் நிலம் ஒரே துண்டாகக் கிடைத்ததால் பலர் தெருவை விட்டு நிலத்தின் நடுவே வீடு கட்டிச் சென்றுவிட்டார்கள். தனித்து நிற்கும் அத்தகைய பண்ணைகளுக்கு வாட்டர்லூ, கியூபெக் போன்ற போர்க்களப் பெயர்கள் இருந்தால், அவை எந்தக் காலத்தில் எழுந்தவை என்பதையும் ஓரளவு கணித்துவிடலாம்.

வீட்டுச் சுவர்களைத் தொலைவிலிருந்தே கவனியுங்கள். கட்டுமானப் பொருள் காலடி மண்ணிலிருந்து வந்தது என்பதே இரயில்காலத்துக்கு முந்தைய ஆங்கில வீடுகளுக்குப் பொதுவிதி. நல்ல கல் இல்லாத இந்தக் களிமண் நாட்டில் செங்கல்லும், வளைந்த சிவப்பு ஓடுகளும் இருக்கின்றன. அதே விதியின்படி, காட்ஸ்வோல்ட் குன்றுகளில் சுண்ணாம்புக்கல், கிழக்கில் சஃபோக்கில் மரச்சட்டத்தின் மேல் பூசிய சாந்து, தெற்கின் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளில் சக்கிமுக்கிக் கல், டெவனில் வைக்கோல் கலந்து மிதித்த மண்சுவர் என்று நாடு முழுவதும் சுவர்களின் நிறம் மாறிக்கொண்டே போகும். மக்கள் இன்றும் குடியிருக்கும் வீடுகள் இவை என்பதால் சன்னல்களுக்குள் எட்டிப்பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. தெருவின் மறுபுறம் நின்று பார்த்தால் போதும்.

தெருவில் கொண்டித் தொழுவம் ஒன்றும் இருக்கிறது. பயிரில் இறங்கிய கால்நடையைப் பிடித்து அடைத்து, உரியவர் தண்டம் கட்டிய பின் விடுவிக்கும் சிறிய சுற்றுச்சுவர்ப் பட்டி அது. வேலியில்லாத வயல் உள்ள ஊரில் இது எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மதுவிடுதியை ஒட்டிய சிறு காட்சியகத்தில் வயல் முறையை விளக்கும் படங்கள் வைத்திருக்கிறார்கள். வயலைப் பார்த்த பிறகு அங்கே செல்லுங்கள், முன்பு வேண்டாம்.

தேவாலயமும் கோட்டைமேடும்

தூய மிக்கேல் தேவாலயத்தைச் சுற்றி முதலில் வெளியே ஒரு முறை நடங்கள். கல்லறைக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் குடும்பப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு நீண்டால் அந்தக் குடும்பம் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று ஊகிக்கலாம். நடு இங்கிலாந்தின் இப்பகுதித் தேவாலய வளாகங்களில், லெஸ்டர்ஷரின் சுவித்லாண்டில் வெட்டியெடுத்த சிலேட்டுக் கற்களைக் காண நேர்ந்தால் நின்று பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் செதுக்கிய எழுத்துகள் நேற்று வெட்டியவைபோல் கூராக இருக்கும். பக்கத்திலேயே அதே காலத்து மணற்கல் உதிர்ந்து பெயரிழந்து நிற்கும்.

உள்ளே எவரிங்ஹம் குடும்பத்தாரின் இடைக்காலக் கல்லறைச் சிற்பங்கள் உள்ளன. ஷெர்வுட் அரசுக்காட்டைக் காக்கும் பொறுப்பை வழிவழியாக ஏற்றிருந்த குடும்பம் அது. கல்லில் செதுக்கிய உருவங்களுக்கு நடுவே ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணுருவமும் இருக்கிறது. இடைக்கால மர உருவம் இந்த மாவட்டத்தில் வேறு எங்கும் இல்லை. 14ஆம் நூற்றாண்டின் அந்த முகத்துக்கு முன் சற்று நேரம் நில்லுங்கள். வயலில் கண்ட ஒழுங்குக்கு மேலே அதிகாரம் ஒன்று இருந்தது என்பதும், உழுதவர்களுக்குப் பெயர் எழுதிய கல்கூட இல்லாத காலத்தில் அந்த அதிகாரத்துக்கு மட்டும் உருவம் கிடைத்தது என்பதும் அங்கே நன்றாகப் புரியும்.

ஊருக்கு வடக்கே 12ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் எழுப்பிய கோட்டையின் மண்மேடும் அகழிகளும் புல்மூடிக் கிடக்கின்றன. சுவர் எதுவும் எஞ்சவில்லை. ஆனாலும் நாட்டிங்ஹம்ஷரில் இவ்வகைக் கோட்டைகளில் மிகச் சிறப்பாக எஞ்சியிருப்பது இதுதான். ஊரை மேலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடமில்லை என்பதால் மாலை வெயிலுக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

இந்த நிலத்தின் உடைமை அண்மைக் காலத்திலும் கைமாறியிருக்கிறது. 1952-ல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம் வாங்கியது. 1981-ல் அரசுரிமைச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சென்றது. 2020-ல் மேன்வர்ஸ் குடும்ப வழித்தோன்றல்களின் தோர்ஸ்பி எஸ்டேட் மீண்டும் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இந்த முறை தொடருமா என்ற கவலை எழுந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, பட்டைகளை உழுவதற்கு ஆட்கள் ஊரில் தொடர்ந்து குடியிருந்தால்தான் இது நிலைக்கும்.

கற்றதை வேறு ஊருக்குக் கொண்டுசெல்வது

அடுத்த வாரமே இன்னொரு ஊருக்குச் செல்லுங்கள். நெடுநாள் விட்டால் கண் மறந்துவிடும். நடு இங்கிலாந்தின் எந்தப் புல்வெளியிலும் மாலை வெயிலில் அலையலையாக மேட்டுவரிகளும் சால்களும் தெரிந்தால், அது வேலியடைப்புக்கு முந்தைய பொது உழவின் உறைந்த வடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம். திருப்பிய எஸ் வளைவு இருந்தால் ஐயம் இன்னும் குறையும். வேலி நேர்க்கோடாகவும் ஹாதார்ன் என்னும் முட்செடி மட்டுமே கொண்டும் இருந்தால், நாடாளுமன்றச் சட்டத்தின்படி அளவையாளர் ஒருவர் கோல் வைத்து இழுத்தது என்று கொள்ளலாம். வேலியே மெல்ல வளைந்து சென்றால், ஊரார் தமக்குள் பேசி முன்னதாகவே பட்டைகளின் மேல் வேலியிட்டிருக்கக்கூடும். முப்பது கெஜ நீள வேலியில் எத்தனை மரவகைகள் உள்ளனவோ அத்தனை நூற்றாண்டு வயது என்று ஒரு கணக்கு சொல்வார்கள்; நட்டவர்களே பலவகைச் செடிகளை நட்டிருக்கலாம் என்பதால் அதைச் சான்றாகக் கொள்ளாமல், மேலும் தேடுவதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலை நேராகச் சென்று இருபுறமும் அகன்ற புல்வரம்பு இருந்தால் அதுவும் வேலியடைப்புக் காலத்துச் சாலையாக இருக்கலாம். அவற்றுக்குப் பெரும்பாலும் நாற்பதடி அகலம் விதித்தார்கள்.

அழகால் புகழ்பெற்ற ஊர்களையும் இப்போது வேறு கண்ணோடு பார்க்க முடியும். காட்ஸ்வோல்ட் பகுதியின் பைபரியில் எல்லோரும் படமெடுக்கும் ஆர்லிங்டன் ரோ என்னும் வீட்டுவரிசை 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடில்களாக மாற்றப்பட்டது. சஃபோக்கின் லேவனம் துணி வணிகத்தால் செழித்தது. வணிகம் நொடித்த பின் புதுப்பித்துக் கட்டப் பணமில்லாததால்தான் அதன் மரச்சட்ட வீடுகள் அப்படியே நிற்கின்றன. டோர்செட்டின் மில்டன் ஆபஸில் ஒரே அளவில் ஒரே இடைவெளியில் நிற்கும் கூரைவீடுகளைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்: தன் மாளிகைக்கு அருகில் பழைய ஊர் இருப்பது பிடிக்காத பிரபு ஒருவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை இடித்துவிட்டு, கண்ணில் படாத பள்ளத்தாக்கில் கட்டிக்கொடுத்த ஊர் அது. யார்க்‌ஷரின் வாரம் பெர்சியில் வீடுகளே இல்லை. 1500-ஐ ஒட்டி ஆட்டு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. புல்லுக்கடியில் தெருவின் பள்ளமும் வீட்டுமனைகளின் விளிம்பும் இன்றும் காலுக்குத் தட்டுப்படும்.

எந்த ஊரானாலும் போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இருபது வீடுகள் உள்ள ஊரில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருவதைக் காணும்போது முதல் உலகப்போர் அந்தத் தெருவுக்கு என்ன செய்தது என்பது தெரியும். அனுப்பிய அனைவரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ ஐம்பதே. லாக்ஸ்டனுக்குச் சில மைல் தொலைவிலுள்ள மேப்பிள்பெக் அவற்றில் ஒன்று.

குறிப்பேட்டில் சொற்களைவிடக் கோட்டுப்படம் பயன் தரும். வயல், தெரு, தேவாலயம், நீரோட்டம் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் வரைந்து, வீடுகளின் முகம் எந்தத் திசை நோக்குகிறது என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். லாக்ஸ்டனில் அதைக் கோட்டைமேட்டின் உச்சியில், நவம்பர் மாதமானால் மூன்றரை மணிக்கு முன்னரே வரைந்து முடித்துவிட வேண்டும். நான்கு மணிக்கு வெளிச்சம் போய்விடும், சரிவில் புல் ஈரமாக இருக்கும்.